மெடலுக்குப் பின்னால் இருக்கும் கதையை எப்படி எடுப்பது? ரிம், ரிப்பன், சைட்டேஷன், ஒலிப்பதிவு

பாலாற்றங்கரை:
வணக்கம். வேலூர்ப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் நிறைய. அப்படி ஒரு ஊரில் முன்னாள் படைவீரர்களின் மெடல்களையும் அவற்றின் கதைகளையும் தொகுக்கப் போகிறோம். 1965, 1971 பாகிஸ்தான் போர்களைப் பார்த்தவர்களில் பலர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். சில வீடுகளில் மெடல் மட்டும்தான் இருக்கிறது, ஆள் இல்லை.

கேட்க நினைப்பவை: எது என்ன மெடல் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆள் இல்லாத வீட்டில் கதையை எங்கே தேடுவது? இருப்பவரிடம் எப்படிக் கேட்பது?

முதலில் வந்த பெட்டியில் மெடல்கள் கறுத்துக் கிடக்கின்றன. விளிம்பில் ஏதோ எழுத்து இருக்கிறது, படிக்க முடியவில்லை. பீதாம்பரி போட்டுத் தேய்த்தால் தெரியும் என்று வீட்டில் சொல்கிறார்கள். செய்யலாமா?

விளிம்பெழுத்து:
தயவுசெய்து தேய்க்க வேண்டாம். கதைக்கான முதல் சாவியே அந்த விளிம்பில்தான் இருக்கிறது. அது அரை மில்லிமீட்டர்கூட ஆழமில்லாத எழுத்து. நாலு தடவை பவுடர் போட்டுத் தேய்த்தால் எண்ணின் கடைசி இலக்கங்கள் மழுங்கிவிடும். அப்புறம் யாராலும் படிக்க முடியாது.

தேய்க்காமலே படிக்கலாம். அறையை இருட்டாக்குங்கள். மெடலை விளிம்பு மேலே தெரியும்படி ஒரு துணி மடிப்பில் நிறுத்துங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல், விளிம்பை உரசிப் போகிற மாதிரி பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும், கறுத்த வெள்ளியிலும் தெளிவாகத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எட்டுப் படம் எடுத்தால் முழுச் சுற்றும் கிடைத்துவிடும். போனில் மேக்ரோ இல்லையென்றால் நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸை கேமராமேல் வைத்து எடுங்கள்.

விளிம்பில் பொதுவாக இருப்பது படை எண், ரேங்க், பெயர், ரெஜிமென்ட் அல்லது கோர். பெரும்பாலும் ஆங்கிலப் பெரிய எழுத்தில், சுருக்கமாக. ஸ்டார் வடிவ மெடல்களின் விளிம்பு மெல்லியது, அதனால் பின்பக்கத்தையும் பாருங்கள்.

எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும். காலாட்படை ஜவான்களின் ஏழு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் ரெஜிமென்டைக் காட்டும். கிரனேடியர்ஸுக்கு 26. 65 போரில் பரம் வீர் சக்ரா பெற்ற அப்துல் ஹமீதின் எண் 2639885, கார்கிலில் பரம் வீர் சக்ரா பெற்ற யோகேந்திர சிங் யாதவின் எண் 2690572. இரண்டு பேருக்கும் இடையே முப்பத்து நாலு வருடம், ஆனால் தொடக்கம் ஒன்றுதான். மதராஸ் ரெஜிமென்டுக்கு 25. ஐசி என்று தொடங்கினால் நிரந்தரக் கமிஷன் அதிகாரி, எஸ்எஸ் என்றால் ஷார்ட் சர்வீஸ், ஜேசி என்றால் ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர் (ஜேசிஓ), அதாவது சுபேதார் வகையறா.

இன்னொன்றும் சொல்லவேண்டும். விளிம்பு வெறுமையாக இருந்தால் உடனே போலி என்று முடிவு கட்டாதீர்கள். பரேடுக்கும் குடியரசு தின விழாவுக்கும் போட்டுக்கொள்ள கன்டோன்மென்ட் கடைகளில் வாங்கிய நகல் செட் பல வீடுகளில் இருக்கும். அசல் வேறு டிரங்குப் பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கும். வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியும்.

பாலாற்றங்கரை:
ரொம்ப நன்றி சார். டார்ச் வைத்ததும் எழுத்து தெரிந்தது. பெட்டியில் இருப்பவை: சமர் சேவா ஸ்டார் 1965, ரக்ஷா மெடல் 1965, பச்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல், ரிப்பனில் ஹிமாலயா என்று உலோகப் பட்டை போட்ட சைன்ய சேவா மெடல், 25ஆவது சுதந்திர ஆண்டு மெடல், 9 ஆண்டு, 20 ஆண்டு. எண் 25இல் தொடங்குகிறது. ஆனால் ரேங்க் ஒவ்வொன்றிலும் வேறுவேறாக இருக்கிறது. ஒன்றில் சிப்பாய், ஒன்றில் நாயக், 20 ஆண்டு மெடலில் ஹவில்தார். ஒரே ஆளுடையதுதானா?

விளிம்பெழுத்து:
ஒரே ஆள்தான். மெடல் வெட்டும்போது இருந்த ரேங்க் அதில் விழும். அதனால் ஒரு பெட்டியில் உள்ள விளிம்புகளை வரிசையாக எழுதினாலே அவருடைய பதவி உயர்வுப் பட்டியல் கிடைத்துவிடும். ஆனால் மெடல்கள் பல வருடம் தாமதமாக வந்ததும் உண்டு, ஆகவே ரேங்கை வைத்து ஆண்டைத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

இந்தப் பெட்டியைப் படித்துப் பார்ப்போம். ரக்ஷா மெடல் 65இல் படையில் இருந்ததற்கு, எந்த மூலையில் இருந்தாலும் வரும். சமர் சேவா ஸ்டார் அப்படி வராது, அதற்குப் போர்முனைக்குள் இருந்திருக்க வேண்டும். அதேபோல 71இல் சங்கிராம் மெடல் பரவலாகக் கொடுத்தது. ஸ்டார்தான் முனையைச் சொல்லும். பூர்வி என்றால் கிழக்கு, பச்சிமி என்றால் மேற்கு. ஆகவே இவர் டாக்கா பக்கம் போனவர் அல்லர். பஞ்சாப், ஜம்மு, ராஜஸ்தான் இந்த வரிசையில் எங்கோ நின்றிருக்கிறார். ஹிமாலயா பட்டை மலை எல்லையில் இருந்ததைச் சொல்கிறது. 65, 71 போல 62 சீனப் போருக்குத் தனி ஸ்டார் கிடையாது. அதில் நின்றவர்களின் தடயத்தை 1947 ஜெனரல் சர்வீஸ் மெடலின் "லடாக் 1962", "நேஃபா 1962" பட்டைகளில் தேடவேண்டும். இந்த ஹிமாலயா பட்டை 62க்கென்று கொடுத்தது இல்லை, மற்ற வருடங்களில் அங்கே இருந்தவர்களுக்கும் உண்டு. எனவே பட்டையைப் பார்த்ததும் "தாத்தா சீனப் போரில் சண்டை போட்டார்" என்று எழுதிவிட வேண்டாம். சேர்ந்த தேதியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

25ஆவது ஆண்டு மெடல் 1972 ஆகஸ்ட் 15இல் படையில் இருந்தவர்களுக்கு. 50ஆவது ஆண்டு மெடல் இல்லாததால் 1997க்கு முன்பே வந்துவிட்டார் என்று கொள்ளலாம். குறைந்தது இருபது வருட சர்வீஸ். ஒரு காகிதமும் இல்லாமல் இவ்வளவு தெரிகிறது.

கரிசல்மண்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மேலே உள்ள எட்டுமே சர்வீஸ் மெடல்கள். வீரப் பதக்கம் ஒன்றுகூட இல்லை. இருந்த எல்லோருக்கும் கொடுத்ததில் கதை என்று தொகுக்க என்ன இருக்கிறது? வீர் சக்ரா, சேனா மெடல் வாங்கியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் தொகுப்பு கனமாக இருக்குமே.

சுரங்கப்படை:
இதை ஒத்துக்கொள்ள முடியாது நண்பரே. வீரப் பதக்கத்துக்கு சைட்டேஷன், அதாவது அந்த வீரச் செயலை விவரிக்கும் அதிகாரபூர்வக் குறிப்பு உண்டு. அது கெசட்டிலும் (அரசிதழ்) ரெஜிமென்ட் வரலாற்றிலும் ஏறிவிடும். நாம் எழுதாவிட்டாலும் அழியாது. சமர் சேவா ஸ்டாருக்கு யாரும் ஒரு வரி எழுதிவைக்கவில்லை. அவர் எந்தப் பதுங்குகுழியில் எத்தனை நாள் கிடந்தார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது அவர் வாயைத் தவிர வேறெங்கும் கிடையாது. அவசரம் எதற்கு அதிகம் என்று பாருங்கள்.

அதோடு, வீரப் பதக்கம் கிடைப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. யாராவது பார்த்திருக்க வேண்டும், பார்த்தவர் உயிரோடு திரும்பியிருக்க வேண்டும், கமாண்டிங் ஆபீசர் சிபாரிசு எழுதியிருக்க வேண்டும். பிறகு அது பிரிகேட், டிவிஷன், கோர் என்று மேலே போகும். ஒவ்வொரு படியிலும் குறையலாம், நிற்கலாம். சாட்சி இல்லாமல் செக்ஷனே (பத்துப் பேர் கொண்ட குழு) அழிந்த இடத்தில் மெடலே வராமல் போனதும் உண்டு.

பெட்டியில் வீரப் பதக்கம் இல்லை என்று சொல்வதற்கு முன் இன்னொன்றைப் பாருங்கள். மென்ஷன் இன் டிஸ்பேச்சஸ், அதாவது போர் அறிக்கையில் பெயர் குறிப்பிட்டுப் பாராட்டுவது என்று ஒன்று உண்டு. அதற்குத் தனி மெடல் இல்லை. சின்ன வெண்கலத் தாமரை இலை ஒன்றைச் சம்பந்தப்பட்ட போர் மெடலின் ரிப்பனில் குத்திக்கொள்வார்கள். அரை விரல்கூட இருக்காது, கழன்று விழுந்தால் யாருக்கும் தெரியாது. ஆகவே ஸ்டார்களின் ரிப்பனை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நடுவில் ஊசி குத்திய இரண்டு துளை இருக்கிறதா, இலை வடிவத்தில் ஒரு இடம் மட்டும் நிறம் மங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெட்டியின் மூலையில், வெல்வெட்டுக்கு அடியில் தேடுங்கள்.

கரிசல்மண்:
நியாயம்தான், ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் வீரப் பதக்கங்களில் இன்னொரு குழப்பம். மேஜர் சரவணனுக்கு வீர் சக்ரா, மேஜர் முகுந்துக்கு அசோக சக்ரா. இரண்டு பேரும் காஷ்மீர் பக்கம்தான் உயிர்விட்டார்கள். ஏன் இரண்டும் வேறு?

சுரங்கப்படை:
இரண்டு தனித்தனி வரிசை. எதிரியை எதிர்கொண்ட போரில் காட்டிய வீரத்துக்கு பரம் வீர், மகா வீர், வீர் சக்ரா. மற்ற சூழலில், உதாரணமாகத் தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கையில், அசோக, கீர்த்தி, சௌர்ய சக்ரா. திருச்சி சரவணன் 1999 மே 29 அன்று படாலிக்கில் 1 பீகார் படையோடு கார்கில் போரில் விழுந்தார், அதனால் முதல் வரிசை. முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று சோபியானில் 44 ராஷ்ட்ரிய ரைபிள்ஸில் இருந்தபோது, அதனால் இரண்டாம் வரிசை. அறிவித்த போர்தான் என்று இல்லை. 2020 ஜூனில் கல்வானில் உயிர்விட்ட ராமநாதபுரத்து ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ராதான். 1961இல் காங்கோவில் ஐ.நா. படையில் இருந்த கேப்டன் சலாரியாவுக்குப் பரம் வீர் சக்ரா கொடுத்தார்கள்.

பழைய பெட்டிகளில் "அசோக சக்ரா மூன்றாம் வகுப்பு" என்று காகிதம் இருந்தால் அது இப்போதைய சௌர்ய சக்ரா. இரண்டாம் வகுப்பு என்றால் கீர்த்தி. 1967இல் பெயர் மாறியது. இதைத் தெரியாமல் அசோக சக்ரா என்று பத்திரிகையில் போட்டுவிட்டால் பிறகு குடும்பம்தான் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ரிப்பன் அடையாளம்: பரம் வீர் முழு ஊதா. மகா வீர் பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு. வீர் சக்ரா பாதி கருநீலம், பாதி ஆரஞ்சு. அசோக வரிசை மூன்றும் பச்சை, நடுவே ஆரஞ்சுக் கோடு முறையே ஒன்று, இரண்டு, மூன்று. ஆனால் ரிப்பனை மட்டும் நம்பாதீர்கள். கிழிந்த ரிப்பனை மாற்றும்போது மாற்றித் தைத்துவிடுவது சாதாரணமாக நடப்பது. உலோகத்தில் இருப்பதே முடிவு.

ராஷ்ட்ரிய ரைபிள்ஸ்காரர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே இருப்பவர் வேறொரு ரெஜிமென்டிலிருந்து போனவர். முகுந்தின் தாய் ரெஜிமென்ட் ராஜ்புத். ஆவணம் தேடும்போது தாய் ரெஜிமென்டின் பெயரில்தான் தேடவேண்டும்.

ஆவணக்காப்பு:
சைட்டேஷன் பற்றிச் சொல்கிறேன். பாதுகாப்பு அமைச்சகத்தின் கேலன்ட்ரி அவார்ட்ஸ் இணையதளத்தில் பெயர், ஆண்டு, பதக்கம் வைத்துத் தேடலாம். மூலம் இந்திய கெசட். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 அறிவிப்புகளையொட்டிப் பாருங்கள். கெசட்டில் தேதி என்பது பதக்கம் எந்த நாளிலிருந்து செல்லும் என்ற தேதி, நிகழ்ச்சி நடந்த தேதியாகவே பெரும்பாலும் இருக்கும்.

சைட்டேஷனை எப்படிப் படிப்பது என்பதற்கு அப்துல் ஹமீதுடையதை எடுத்துக்கொள்ளலாம். 1965 செப்டம்பர் 10, காலை 8 மணி, கேம்கரண் பகுதி, பிக்கிவிண்ட் சாலை, சீமா கிராமம். பேட்டன் டாங்கி ரெஜிமென்ட் தாக்குகிறது. ஜீப்பில் பொருத்திய ரீகாயில்லெஸ் என்ற டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியோடு முன்னால் வந்த டாங்கியை அடிக்கிறார். இடம் மாறி இன்னொன்று. அதற்குள் ஜீப்பைக் கண்டுபிடித்துச் சுடுகிறார்கள், மூன்றாவதைச் சுடும்போது குண்டு பட்டு விழுகிறார். ஆனால் அவர் அடித்த டாங்கிகளின் எண்ணிக்கையாகப் புத்தகத்துக்குப் புத்தகம் இதைவிடப் பெரிய எண்கள் வருகின்றன. சைட்டேஷன் ஒரு குறிப்பிட்ட காலை நேரத்தைச் சொல்கிறது, அதற்கு முந்தைய நாட்கள் அதில் இல்லை. ஆகவே எண் பொருந்தவில்லை என்றால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தொகுப்பில் "சைட்டேஷன்படி" என்று ஒரு வரி, "உடனிருந்தவர் சொன்னபடி" என்று ஒரு வரி, தனித்தனியாகவே போடுங்கள். இரண்டையும் கலந்து ஒரே பத்தியாக்கினால் எது எங்கிருந்து வந்தது என்று பத்து வருடம் கழித்து யாராலும் பிரிக்க முடியாது.

பிரிட்டிஷ் காலத்து வீரப் பதக்கம் என்றால் லண்டன் கெசட். இரண்டாம் உலகப் போரின் சிபாரிசுத் தாள்கள் பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 373 என்ற வரிசையில் இருக்கின்றன, இந்தியப் படையினருடையதும் உண்டு. கெசட்டில் ஒரு வரி இருக்கும் இடத்தில் சிபாரிசுத் தாளில் ஒரு பக்கம் இருக்கும். மதராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியன் 1944 ஜூன் 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடி வெடிப்பதற்கு முன் அதன்மேல் தன் உடலைப் போட்டுக் கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். அவருக்குக் கிடைத்தது ஜார்ஜ் கிராஸ். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியாமலிருப்பது உண்மையிலேயே வருத்தம்.

வீரப் பதக்கம் இல்லாதவருக்கு மூலம் ஓய்வு பெறும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புத்தகம். மெடல்கள், போன இடங்கள் என்று அதில் பதிவு இருக்கும். அதையும் தாண்டி வேண்டுமானால் ரெக்கார்ட் ஆபீஸ். மதராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன். மதராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு. பீரங்கிப்படைக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஈஎம்இக்கு (படையின் மெக்கானிக்கல் இன்ஜினியர் பிரிவு) செகந்தராபாத், மெடிக்கல் கோருக்கு லக்னோ. கடிதத்தில் படை எண், ரேங்க், பெயர், சேர்ந்த தேதி, ஓய்வு தேதி, எழுதுபவரின் உறவு ஆகியவை கட்டாயம். எண் இல்லாமல் வெறும் பெயரோடு எழுதினால் பதில் வராது, ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள்.

மலைக்காற்று:
டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மெடல் பெயர் இருக்கிறது, கையில் மெடல் இல்லை என்ற கேஸ்கள்?

ஆவணக்காப்பு:
நிறைய. உரிமை பார்ட் டூ ஆர்டரில் (பணி விவரங்களைப் பதியும் படை ஆணை) ஏறியிருக்கும், மெடல் வந்து சேர்வதற்குள் ஆள் ஓய்வு பெற்றிருப்பார். அதே ரெக்கார்ட் ஆபீசுக்கு டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அந்தப் பக்க நகலோடு எழுதுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமாக அனுப்பினால் சான்றொப்பமும் கவரிங் கடிதமும் கிடைக்கும். ஆள் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் சேருங்கள். முக்கியமாக, கடையில் நகல் வாங்கி இடத்தை நிரப்பிவிடாதீர்கள். அசல் வந்த பிறகு எது எது என்று குழம்பும்.

பாலாற்றங்கரை:
பதில்களைப் பார்த்துக் கைகூப்பத் தோன்றுகிறது. இரண்டாவது பெட்டியில் பழசு. 1939-45 என்று ஸ்டார், பர்மா ஸ்டார், வேறு இரண்டு வட்ட மெடல். இன்னொரு வீட்டில் அதற்கும் முந்தையது, 1914-15 என்று இருக்கிறது. பச்சையாகப் பிசுபிசுப்பு வேறு படிந்திருக்கிறது.

விளிம்பெழுத்து:
வட்ட மெடல் ஒன்றின் பின்பக்கம் சிங்கம் இரட்டைத் தலை டிராகன்மேல் நின்றால் அது வார் மெடல். இந்திய வரைபடம் இருந்தால் இந்தியா சர்வீஸ் மெடல். இரண்டாம் உலகப் போர் மெடல்களில் பல பெயர் வெட்டாமலே வந்தவை. ஆகவே பெயர் இல்லாதது குறையில்லை, ஆனால் அப்போது மெடலால் மட்டும் ஆளை நிரூபிக்க முடியாது, காகிதம் வேண்டும்.

1914-15 ஸ்டாருக்குப் பின்பக்கத்தில் பெயரும் ரெஜிமென்டும் இருக்கும், கட்டாயம் பாருங்கள். கூட வெள்ளியில் பிரிட்டிஷ் வார் மெடல் இருக்கும், விளிம்பில் பெயரோடு. அது வெண்கலத்தில் இருந்தால் லேபர் கோர், சுமையாள் போன்ற பணியில் போனவர். ஆயுதம் இல்லாமல் மெசபடோமியாவுக்குப் போனவர்களின் கதை இன்னும் அரிது, அதை ஒதுக்கிவிடாதீர்கள். ஊரில் "இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குப் போனார்கள்" என்று பிரிட்டிஷ் காலக் கல்வெட்டு இருக்கிறதா என்றும் தேடுங்கள். பழைய தாலுகா கட்டடம், பள்ளிச் சுவர், சாவடி, இங்கெல்லாம் சுண்ணாம்புக்கு அடியில் இருக்கலாம்.

நூறு வருடம் தாண்டிய பொருள் 1972 தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். வெளிநாட்டு ஏலக்காரர் நல்ல விலை சொல்கிறார் என்று அனுமதியில்லாமல் அனுப்பிவைத்தால் வழக்காகும்.

வேதிக்கூடம்:
பச்சை பற்றி. இரண்டு வகை இருக்கிறது, இரண்டுக்கும் மருந்து வேறு.

பிசுபிசுப்பான பச்சை என்றால் பழைய பிவிசி பிளாஸ்டிக் உறையில் வைத்திருப்பார்கள். அந்த பிளாஸ்டிக் நாளடைவில் அமிலம் விடும், செம்பைத் தின்னும். ரிப்பனைக் கழற்றிவிட்டு, சுத்தமான அசிட்டோனில் தொட்ட பஞ்சுக்குச்சியால் உருட்டி எடுக்கவும். தேய்க்காமல் உருட்ட வேண்டும். ஒவ்வொரு உருட்டலுக்கும் புதுக் குச்சி. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது. எனாமல் வேலை செய்த மெடலில் அசிட்டோன் வேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவரில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அதைப் பயன்படுத்தாதீர்கள்.

வெளிர்பச்சையில் பொடிப்பொடியாக, துடைத்தால் மறுபடி வந்தால் அது உப்பு. கடலோர வீடுகளில், வியர்வைக் கையோடு தொட்ட மெடல்களில் வரும். உலோகத்துக்குள்ளேயே இறங்கிப் பள்ளம் பறிக்கும். அதை மற்ற மெடல்களிலிருந்து உடனே பிரித்து, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரம் குறைந்தால் அது நின்றுவிடும், ஆனால் போகாது. வீட்டில் வைத்தியம் பார்க்காமல் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவில் ஆலோசனை கேளுங்கள். செப்புத் திருமேனிகளில் இதே நோயைப் பார்த்தவர்கள்.

பாத்திரம் துலக்குவதுபோலப் புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கவும் கூடாது. ஏனென்றால், புளியின் அமிலம் மேல்தோலைக் கரைத்துச் செம்பை இளஞ்சிவப்பாக வெளியே கொண்டுவரும், உப்பு மேலே சொன்ன பச்சைப் பொடிக்கு விதை போடும். வெள்ளிக்கு விபூதி போடுவார்கள், அது நைசான மணல்தாள். வீர் சக்ரா, மகா வீர் சக்ரா இரண்டும் வெள்ளி. அவற்றின் கறுப்பு உண்மையில் காப்புப்படலம், அப்படியே விடலாம்.

வைக்கும் இடம்: ரப்பர் பேண்டு, செய்தித்தாள், புது பிளைவுட் பெட்டி, கம்பளித் துணி நான்கும் வேண்டாம். கந்தகமோ அமிலமோ விடும். பாலிப்ரொப்பிலீன் டப்பா, அமிலமில்லாத டிஷ்யூ, ஒரு டப்பாவுக்கு 50 கிராம் சிலிக்கா ஜெல் போதும். நிறம் மாறினால் வறுத்து மறுபடி போடலாம். நாப்தலின் உருண்டை வேண்டாம்.

பிரேம் போட்டுச் சுவரில் மாட்டுவதாக இருந்தால் ஃபெவிகால், டபுள் டேப் இரண்டையும் கடைக்காரர் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுங்கள். பின்னட்டையில் துளையிட்டுப் பருத்தி நூலால் கட்டச் சொல்லுங்கள். கண்ணாடி மெடலைத் தொடாமல் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. சிவப்பு வெல்வெட் மழைக்காலத்தில் சாயம் விடும், ரிப்பனின் வெள்ளைக் கோடு ரோஸாகிவிடும். பூஜையறைச் சுவரும் மேற்கு வெயில் படும் சுவரும் வேண்டாம்.

மலைக்காற்று:
வேதிக்கூடம் சாருக்கு ஒரு மாற்றுக் கருத்து. பட்டாளத்தில் மெடல் பளபளப்பாக இருக்க வேண்டும் என்பது ஒழுங்கு. அதைக் கறுப்பாக வைத்திருப்பது அந்த மனிதருக்கே பிடிக்காது. பல ஐயாக்கள் வாராவாரம் பிராஸோ போட்டே வளர்ந்தவர்கள்.

வேதிக்கூடம்:
சரியான வாதம். அவர் உயிரோடு இருந்தால் அது அவருடைய மெடல், அவர் விருப்பம். அதற்காகத்தான் போட்டுக்கொள்ள நகல் செட், பாதுகாக்க அசல் செட் என்று பிரிக்கச் சொல்கிறோம். நகலை எவ்வளவு வேண்டுமானாலும் மின்ன வைக்கலாம். இறந்தவருடைய மெடலை வாரிசு விழாவுக்குப் போடும்போது வலது மார்பில் போடவேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள். இடது, வாங்கியவருக்கு மட்டும்.

சுரங்கப்படை:
இனி பேட்டி. இதுதான் இந்த வேலையின் உயிர்.

போவதற்கு முன் பெட்டியைப் படித்துவிட்டுப் போங்கள். பச்சிமி ஸ்டார் வைத்திருப்பவரிடம் "டாக்காவில் என்ன நடந்தது" என்று கேட்டால் அதோடு முடிந்தது. வீட்டில் பழைய இன்லேண்டு லெட்டர் இருந்தால் முகவரியைப் பாருங்கள். 56 ஏபிஓ (ஆர்மி போஸ்ட் ஆபீஸ்) என்றால் மேற்கு அல்லது வடக்கு, 99 ஏபிஓ என்றால் கிழக்கு. முத்திரையில் உள்ள ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியின் மேப்பைப் பெரிதாக அச்செடுத்து விரித்துவைத்தால் விரல் தானாகப் போகும்.

"உங்கள் வீர அனுபவம் சொல்லுங்கள்" என்று தொடங்கவே கூடாது. எல்லோரும் "நான் ஒண்ணும் செய்யலப்பா, டூட்டி பார்த்தேன்" என்பார்கள். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். எங்கே தூங்கினீங்க? ரொட்டிதானா, சோறு எப்ப வந்தது? தண்ணி எங்கிருந்து எடுத்தீங்க? கையில 303ஆ, எஸ்எல்ஆரா? செக்ஷன்ல பத்துப் பேர் யார் யார், எந்த ஊர்? 303, எஸ்எல்ஆர் இரண்டும் ரைபிள்கள். துப்பாக்கி பற்றிய கேள்வி காலத்தைச் சரிபார்க்கவும் உதவும். 62இல் கையில் இருந்தது 303, எஸ்எல்ஆர் அதற்குப் பிறகுதான் வந்தது. 62 நினைவில் எஸ்எல்ஆர் வந்தால் இரண்டு காலம் கலந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கேயே திருத்தாதீர்கள்.

ஒவ்வொரு மெடலையும் கையில் கொடுத்து, "இது எங்க வச்சுக் கொடுத்தாங்க, யார் குத்தினாங்க" என்று கேளுங்கள். உலோகம் கைக்கு வந்ததும் பேச்சு மாறும். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்ற கேள்வியை யாரும், குறிப்பாகக் கூட வரும் சின்னப் பையன்கள், கேட்கக் கூடாது. ஐபிகேஎஃப் என்ற அமைதிப்படையில் இலங்கை போய் வந்தவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். தமிழ் பேசும் ஊரில் தமிழ் பேசும் ஜவானாக நின்றவர்கள் அவர்கள். சொல்வதைக் கேளுங்கள், வாதம் செய்யாதீர்கள், சொல்ல விரும்பாததை இழுக்காதீர்கள்.

குரல் தடுமாறினால் "இதோட நிறுத்திக்கலாமா ஐயா" என்று கேட்டு, அவர் சொல்வதைச் செய்யுங்கள். கிளம்பும் முன் பேச்சைச் சாப்பாடு, பேரப்பிள்ளை என்று சாதாரணத்துக்குக் கொண்டுவந்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டாரிடம் இன்று ராத்திரி தூக்கம் வராமல் இருக்கலாம் என்று சொல்லிவையுங்கள். மறுநாள் ஒரு போன் போடுங்கள்.

ஒலிப்பதிவு: காலை டிபனுக்குப் பிறகு, ஒரு அமர்வு 45 நிமிடம். சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், குக்கர் விசில் அடங்கிய பிறகு தொடங்குங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் வைத்து, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், துணிமேல் வையுங்கள். மேசைமேல் வைத்தால் தட்டுகிற சத்தமெல்லாம் விழும். முதலில் தேதி, இடம், பெயர் சொல்லிப் பதியுங்கள். அன்றே மூன்று பிரதி, அதில் ஒன்று அந்த வீட்டுக்கு. மனைவியைத் தனியாக ஒரு நாள் கேளுங்கள். தந்தி வந்த நாள், மணியார்டர் நின்ற மாதம், எல்லாம் அவருக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

ஆவணக்காப்பு:
வெளியிடும்போது: விளிம்புப் படத்தில் படை எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை மறைத்துவிடுங்கள். பிபிஓ (பென்ஷன் ஆணை) எண், வங்கி விவரம், வீட்டு முகவரி எதுவும் வேண்டாம், பென்ஷன் மோசடிக்காரர்களுக்கு அதுவே போதும். அசல் மெடல் எந்த வீட்டில் இருக்கிறது என்று போடாதீர்கள். கூட இருந்து இறந்தவரின் பெயர் வந்தால், அந்தக் குடும்பத்திடம் கேட்ட பிறகே வெளியிடுங்கள். அவர்களுக்குத் தந்தியில் சொன்னதைத் தவிர வேறு எதுவும் இன்றுவரை தெரியாமல் இருக்கலாம். அண்மைக்கால ஆபரேஷன் விவரங்கள் வேண்டவே வேண்டாம். எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

பாலாற்றங்கரை:
எல்லாவற்றையும் அச்செடுத்துக் குழுவில் உள்ள பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம். ஒரே ஒரு சிக்கல். மூன்றாவது பெட்டியில் மூன்று மெடலில் 25இல் தொடங்கும் எண், கடைசி இரண்டில் ஜேசி என்று வேறு எண். பெயர் ஒன்றுதான். அண்ணன் தம்பி மெடல் கலந்துவிட்டதா?

விளிம்பெழுத்து:
கலக்கவில்லை. ஹவில்தார் வரை பழைய எண் ஓடும், ஜேசிஓ ஆனதும் ஜேசி எண் புதிதாக வரும், பழையது அதோடு நின்றுவிடும். ஜேசி மெடல்களில் ரேங்க் நாயப் சுபேதாரா சுபேதாரா என்று பாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இரண்டு எண்ணும் இருக்கிறதா என்று ஒத்துப்பாருங்கள். வெலிங்டனுக்கு எழுதும் கடிதத்தில் இரண்டையும் குறிப்பிடுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் பாதி சர்வீஸின் பதிவு தவறிப் போகலாம்.